பயிலரங்குகளுக்குப் போய்வந்தும் வகுப்பறை ஏன் மாறுவதில்லை?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய சிறிய தமிழ்ப்பள்ளி ஒன்றில் நான்காம் ஆண்டாகப் பணியாற்றும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: “அரசு ஊழியர் ஆண்டுக்கு 7 நாள் பயிற்சி பெற வேண்டும் என்னும் விதியை நான் ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை. சான்றிதழ்கள் கோப்பில் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. ஆனால், என் வகுப்பில் பின்தங்கியிருந்த பிள்ளைகள் இன்னும் பின்தங்கியே இருக்கிறார்கள். 2ஆம் ஆண்டையும் 3ஆம் ஆண்டையும் ஒரே அறையில் வைத்து நடத்தும் இணைப்பு வகுப்பு என்னுடையது. உண்மையிலேயே தேர்ந்த ஆசிரியராக வளர நான் என்ன செய்ய வேண்டும்? மேற்படிப்பில் சேர்ந்தால் பயன் கிடைக்குமா?”

இதே வட்டாரத்துத் தோட்டப் பள்ளிகளிலும் நகரப் பள்ளியிலுமாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். பயிலரங்குகள் வீண் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால், அவற்றால் எவ்வளவு கிடைக்கும் என்பதில் நமக்குத் தெளிவு வேண்டும். நன்னூலின் பாயிரத்தில் பாடம் கேட்கும் முறையைப் பற்றிய பகுதி ஒன்று உண்டு. ஆசான் சொல்வதை எவ்வளவு செம்மையாகக் கேட்டாலும் மாணாக்கனுக்குக் காற்பங்கே வாய்க்கும், உடன் பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு சேரும், பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் எஞ்சிய அரைப்பங்கும் நிறையும் என்பது அதன் கணக்கு. ஆசிரியர் பயிற்சிக்கும் இது அப்படியே பொருந்துகிறது. மண்டபத்தில் அமர்ந்து கேட்டது காற்பங்கு. உடன் பணிபுரிபவரோடு சேர்ந்து ஆராய்வதும், சொந்த வகுப்பறையில் திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பதும் மீதி முக்கால். நம்மில் பெரும்பாலோர் அந்த முதல் காலோடு நின்றுவிடுகிறோம்.

நானும் அப்படி நின்றவன்தான். பணியில் சேர்ந்த சில ஆண்டுகளில், குழுமுறைக் கற்றல் பற்றிய மூன்று நாள் பயிலரங்கு ஒன்றிற்கு அனுப்பப்பட்டேன். திங்கட்கிழமை காலையே மேசைகளை நான்கு நான்காகச் சேர்த்துப் போட்டு, குழுக்களுக்குப் பூக்களின் பெயர்களைச் சூட்டி, வண்ண அட்டைகளையும் தொங்கவிட்டேன். பார்வைக்கு வகுப்பு மாறிவிட்டது. ஆனால், ஒவ்வொரு குழுவிலும் கெட்டிக்காரப் பிள்ளை ஒருவர் எழுத, மற்ற மூவரும் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழுவில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பொறுப்பு இருக்க வேண்டும் என்பதும், ஒருவர் இல்லாமல் மற்றவரால் வேலையை முடிக்க முடியாதபடி பணியை அமைக்க வேண்டும் என்பதும் பயிலரங்கில் சொல்லப்பட்டவைதாம். அவற்றைக் குறிப்பேட்டில் எழுதியும் வைத்திருந்தேன். ஆனால், அத்தகைய பணி ஒன்றை என் பாடத்துக்கென்று நானே உருவாக்கிப் பார்க்கவில்லை. உருவாக்கியதை எவரிடமும் காட்டித் திருத்தவும் இல்லை. ஓராண்டு முழுவதும் என் மாணவர்கள் குழுவாக உட்கார்ந்தார்களே தவிர, குழுவாகக் கற்கவில்லை. அந்த ஓராண்டை அவர்களுக்கு என்னால் திருப்பித் தர முடியாது என்ற வருத்தம் இன்றும் உண்டு.

ஆகவே, என் முதல் பரிந்துரை இது: ஒரு தவணைக்கு ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அது சிறியதாக இருக்கட்டும். ஆனால், நாள்தோறும் வகுப்பில் நிகழ்வதாக இருக்கட்டும். எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், கேள்வி கேட்டபின் காத்திருப்பதிலிருந்து தொடங்கச் சொல்வேன். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோவ் 1970களில் ஏராளமான வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக 1 வினாடி அளவே காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதற்குள் பதில் வராவிட்டால் கேள்வியை மாற்றிக் கேட்கிறார்கள், வேறொருவரை எழுப்புகிறார்கள் அல்லது தாங்களே பதிலைச் சொல்லிவிடுகிறார்கள். அந்த இடைவெளியை 3 வினாடியாக நீட்டியபோது மாணவர்களின் பதில்கள் நீண்டன. ‘தெரியாது’ என்பது குறைந்தது. அதுவரை வாய் திறவாதவர்களும் பேசினார்கள். 3 வினாடி என்பது எழுதும்போது சிறிதாகத் தெரிகிறது. வகுப்பின் முன்னால் நிற்கும்போது அது எவ்வளவு நீளமானது என்பதை நாளையே நீங்கள் உணர்வீர்கள். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி எண்ணுவது எனக்கு உதவியது. பிள்ளை பதில் சொன்ன பிறகும் அதேபோல் 3 வினாடி பொறுத்துப் பாருங்கள். பாதி நேரங்களில் அந்தப் பிள்ளையே தன் பதிலை நீட்டும், அல்லது திருத்திக்கொள்ளும்.

தமிழ்ப்பள்ளி வகுப்புகளில் இதற்குக் குறுக்கே நிற்கும் வழக்கம் ஒன்று உண்டு. “புரியுதா?” என்று நாம் கேட்க, “புரியுது, டீச்சர்!” என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். அந்தக் கூட்டுக்குரலின் நிழலில்தான் புரியாத பிள்ளை பத்திரமாக ஒளிந்துகொள்கிறது. அதற்குப் பதிலாக, பழைய நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தை நறுக்கி ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்து, எல்லாரும் பதிலை எழுதி ஒரே நேரத்தில் உயர்த்திக் காட்டச் செய்யுங்கள். யாருக்குப் புரியவில்லை என்பது அரை நிமிடத்தில் உங்கள் கண்முன் நிற்கும். அந்தப் பிள்ளையை அப்போதே அம்பலப்படுத்தாமல் பெயரை மட்டும் மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பயிற்சிப் புத்தகங்கள். ஆசிரியர் தொழிலில் நம்மை வளர்க்கும் சிறந்த பாடநூல் மாணவரின் பயிற்சிப் புத்தகமே என்பது என் உறுதியான நம்பிக்கை. 6ஆம் ஆண்டு மாணவர்கள் எழுதிவந்த யு.பி.எஸ்.ஆர் பொதுத்தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பிறகு தொடக்கப்பள்ளியில் வகுப்பறை மதிப்பீடு முதன்மை பெற்றுவிட்டது. ஒவ்வொரு பிள்ளையும் 1 முதல் 6 வரையிலான அடைவுநிலைகளில் எங்கே நிற்கிறது என்று பதிவு செய்கிறோம். ஆனால், எண்ணைப் பதிவு செய்வது வேறு, பிழையைப் படிப்பது வேறு. ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். 402இலிருந்து 178ஐக் கழிக்கச் சொல்லுங்கள். விடை 224. ஒரு பிள்ளை 376 என்று எழுதியிருக்கிறது, இன்னொரு பிள்ளை 234 என்று எழுதியிருக்கிறது. இரண்டுக்கும் சிவப்பு மையில் பெருக்கல் குறியிட்டு, இருவரையும் அடைவுநிலை 2இல் போட்டுவிட்டு, “கழித்தல் கணக்கை மீண்டும் பயிற்சி செய்” என்று எழுதிவிடலாம். பலரும் செய்வது அதுதான்.

சற்று உற்றுப் பாருங்கள். 376 எழுதிய பிள்ளை ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழித்திருக்கிறது. 8இலிருந்து 2 போக 6, 7இலிருந்து 0 போக 7, 4இலிருந்து 1 போக 3. மேலே எது, கீழே எது என்ற கவனமே அதற்கு இல்லை. 402 என்பது ஒரே எண் என்ற எண்ணம் இன்னும் அதன் மனத்தில் பதியவில்லை. அதன் கண்ணில் அது பக்கம் பக்கமாக நிற்கும் மூன்று தனித்தனி இலக்கங்கள். 234 எழுதிய பிள்ளையோ அந்தப் படியைத் தாண்டிவிட்டது. நூறிலிருந்து கடன் வாங்கிப் பத்தின் இடத்தில் 10 என்று எழுதியது. அந்த 10இலிருந்து ஒன்றை ஒன்றின் இடத்துக்குக் கொடுத்தது. ஆனால், கொடுத்தபின் அங்கே 9தான் மிஞ்சும் என்பதை மறந்து, 10இலிருந்தே 7ஐக் கழித்துவிட்டது. முதல் பிள்ளைக்கு இட மதிப்பையே தொடக்கத்திலிருந்து சொல்லித்தர வேண்டும். இரண்டாம் பிள்ளைக்கு ஒரே ஒரு படியை நினைவூட்டினால் போதும். இருவரையும் ஒரே குறைநீக்கல் குழுவில் உட்காரவைத்து ஒரே பயிற்சித்தாளைக் கொடுத்தால் முன்னவருக்கு அது எட்டாது, பின்னவருக்கு அது சலிக்கும்.

முதல் பிள்ளைக்கு நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். நம் வட்டாரத்தில் செம்பனை ஓலைக்குப் பஞ்சமில்லை. ஓலையின் ஈர்க்கைச் சீவி ஒரே அளவாக நறுக்கி, பத்துப் பத்தாக ரப்பர் வளையத்தால் கட்டி, அப்படிப்பட்ட பத்துக் கட்டுகளைச் சேர்த்து நூறாகக் கட்டி வைத்திருந்தேன். 402 என்றால் நான்கு பெரிய கட்டும் இரண்டு ஒற்றை ஈர்க்கும், நடுவில் ஒன்றுமில்லை. அதிலிருந்து 8ஐ எடு என்றால் பிள்ளையால் எடுக்க முடியாது. பெரிய கட்டு ஒன்றைத் தானே அவிழ்த்து, பத்துச் சிறு கட்டுகளாகப் பரப்பி, அவற்றில் ஒன்றையும் அவிழ்த்துக் கொட்டியபிறகுதான் எடுக்க முடியும். அவிழ்த்த கையோடு, “இப்போது சிறு கட்டு எத்தனை மிச்சம்?” என்று கேட்டால், எண்ணிப் பார்த்து “ஒன்பது” என்று அதுவே சொல்லும். ‘கடன் வாங்குதல்’ என்று நாம் வாய்ப்பாடாகச் சொல்வது கட்டை அவிழ்ப்பதுதான் என்பது அங்கே பிள்ளையின் விரல்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

வாரத்துக்கு நான்கு புத்தகங்கள் போதும். நன்றாகச் செய்யும் பிள்ளையுடையது ஒன்று, தடுமாறும் பிள்ளைகளுடையவை மூன்று. ஒவ்வொரு பிழைக்கும் கீழே, ‘இந்தப் பிள்ளை இப்படி எழுதக் காரணம் என்னவாக இருக்கும்?’ என்று உங்கள் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதுங்கள். ஊகம் தவறாகவும் இருக்கலாம். மறுநாள் அந்தப் பிள்ளையை அருகில் அழைத்து, “இதை எப்படிச் செய்தாய், சொல்” என்று கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மாணவரின் கற்றலை அறிந்து அதற்கேற்பக் கற்பித்தலை மாற்றிக்கொள்வதைப் பற்றி, பால் பிளாக், டிலன் வில்லியம் என்னும் இரு பிரிட்டானிய ஆய்வாளர்கள் 1998இல் பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டார்கள். இம்முறையால் பின்தங்கிய மாணவர்கள் குறிப்பாகப் பயனடைகிறார்கள் என்பது அவர்கள் கண்ட முடிவுகளில் ஒன்று. உங்கள் மனத்தை வருத்துவது அந்தப் பிள்ளைகளின் நிலைதானே?

மூன்றாவது, உங்கள் வகுப்புக்குள் இன்னொருவரின் கண் வர வேண்டும். நம் நாட்டில் ஆசிரியரின் வகுப்பை மற்றவர் பார்ப்பது என்றாலே மதிப்பெண் போடும் மேற்பார்வை என்ற அச்சம் படிந்துவிட்டது. தலைமையாசிரியர் தர ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு புள்ளி வழங்குவது அவருடைய கடமை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், புள்ளி வழங்கப்படும் நாளில் எந்த ஆசிரியரும் தன் பலவீனத்தைக் காட்டமாட்டார். வளர்வதற்காகப் பார்ப்பது வேறொரு நாளில், வேறொருவரால், எந்தப் படிவமும் இல்லாமல் நடக்க வேண்டும். ஜப்பானிய ஆசிரியர்கள் நெடுங்காலமாகச் செய்துவரும் பாட ஆய்வு இதற்கு நல்ல முன்மாதிரி. சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுகிறார்கள், ஒருவர் கற்பிக்கிறார், மற்றவர்கள் ஆசிரியரைப் பார்ப்பதைவிட மாணவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதையே பார்த்துக் குறிக்கிறார்கள், பின்னர், கூடிப் பேசிப் பாடத்தைத் திருத்துகிறார்கள். பேச்சு பாடத்தைப் பற்றியதாக இருப்பதால் கற்பித்தவர் தலைகுனிய வேண்டியதில்லை. மலேசியப் பள்ளிகளில் 2011 முதல் அறிமுகமான, ஆசிரியர்கள் கூடிக் கற்றுக்கொள்ளும் தொழில்முறைக் கற்றல் சமூகத் திட்டத்திலும் பாட ஆய்வு இடம்பெற்றிருக்கிறது. ஆனால், பல பள்ளிகளில் அது கூட்டக் குறிப்பாகவும் புகைப்படமாகவும் சுருங்கிவிட்டது என்பதை நான் வருத்தத்தோடு சொல்கிறேன்.

மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து பள்ளிக்கு வந்து ஆசிரியர்களுக்கு வழிகாட்டும் ‘சிஸ்க் பிளஸ்’ பயிற்றுநர்களையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். 2014இல் நாடு முழுவதும் விரிவுபடுத்தப்பட்டபோது அவர்கள் மலாய், ஆங்கிலம், கணிதம் ஆகிய பாடங்களுக்கென்றே நியமிக்கப்பட்டார்கள். கணிதத்துக்கு வருபவருக்குத் தமிழ் தெரியாமலும் இருக்கலாம். அதனால் தயங்க வேண்டாம். மேலே சொன்ன 376ஐயும் 234ஐயும் காட்டிப் பேச மொழி தடையாகாது. தமிழ் மொழிப் பாடத்துக்கு மட்டும் நம் பள்ளியிலோ பக்கத்துத் தமிழ்ப்பள்ளியிலோ உள்ள மூத்தவர் ஒருவரை நாமே தேடிக்கொள்ள வேண்டும்.

பார்க்க வருபவரிடம், “என் பாடம் எப்படி இருந்தது?” என்று கேட்காதீர்கள். “நல்லா இருந்தது, டீச்சர்” என்பதைத் தவிர வேறு பதில் வராது. வேலை ஒன்றைக் கொடுங்கள். வகுப்பின் இருக்கை வரைபடத்தை ஒரு தாளில் வரைந்து கொடுத்து, நீங்கள் யாரிடம் கேள்வி கேட்கிறீர்களோ அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். எனக்கு ஒரு மூத்த ஆசிரியை அப்படிப் போட்டுத் தந்த தாளை நான் மறக்கவில்லை. முன்வரிசையில் நான்கு கட்டங்கள் கோடுகளால் நிறைந்திருந்தன. சன்னலோரம் கடைசியில் இருந்த இரண்டு கட்டங்களில் ஒரு கோடுகூட இல்லை. அவர் ஒரு சொல்லும் சொல்லாமல் தாளை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அந்த இரண்டு பிள்ளைகளும் அமைதியானவர்கள் என்றே அதுவரை நான் நினைத்திருந்தேன்.

இனி இணைப்பு வகுப்பு. இது உங்கள் திறமைக் குறைவால் வந்த சுமையல்ல என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்ததால்தான் தோட்டந்தோறும் சிறுசிறு தமிழ்ப்பள்ளிகள் தோன்றின. பிறகு பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பால்மரம் என்னும் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. அதற்கு அத்தனை ஆள் வேண்டியிருக்கவில்லை. குடும்பங்கள் லயங்கள் எனப்படும் தோட்டக் குடியிருப்புகளைவிட்டு நகரத்துக்குப் பெயர்ந்தன. பள்ளி மட்டும் அங்கேயே நின்றது. இன்று 150 பேருக்கும் குறைவாக உள்ள பள்ளி, குறைந்த மாணவர் பள்ளி என்று வகைப்படுத்தப்படுகிறது. அவற்றிலும் மிகச் சிறியவற்றில்தான் உங்களுடையதைப் போன்ற வகுப்புகள் அமைகின்றன.

பல நிலை மாணவர்களை ஓரிடத்தில் வைத்துக் கற்பிப்பது நம் மரபுக்குப் புதியதன்று. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஒரே ஆசிரியர், பல வயதுப் பிள்ளைகள், மேற்பார்வைக்குச் சட்டாம்பிள்ளை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான காப்பகத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மூத்த பிள்ளைகள் இளையவர்களுக்குக் கற்பிக்கும் முறையையும் வகுத்து, 1797இல் இங்கிலாந்தில் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்ற பெயரில் அது அங்கே பரவியது.

அந்த முறையில் கொள்ளத்தக்கதும் உண்டு, தள்ளத்தக்கதும் உண்டு. மூத்த பிள்ளையை நாள் முழுவதும் உங்கள் கையாளாக வைத்துக்கொண்டால் அதன் படிப்பு கெடும்; பெற்றோர் கேட்டால் நம்மிடம் பதில் இருக்காது. பத்து நிமிடத்துக்கு, தெளிவான ஒரே வேலையைக் கொடுங்கள். 3ஆம் ஆண்டுப் பிள்ளை 2ஆம் ஆண்டுப் பிள்ளை வாசிப்பதைக் கேட்டு, ல, ள, ழ பிசகிய சொற்களை மட்டும் ஒரு தாளில் குறித்துத் தரட்டும். குறிக்கும் பிள்ளையின் காதும் அதனால் கூர்மையடையும்.

பாடநேரத்தை அமைப்பதில் நான் கண்ட வழி இது. ஒரு மணி நேரப் பாடம் என்றால் முதல் பத்து நிமிடம் இரு ஆண்டினருக்கும் பொதுவாக இருக்கட்டும். ஒரு படத்தையோ ஒரு சிறு கதையையோ வைத்து எல்லாரையும் பேசவிடுங்கள். பிறகு, ஒரு பிரிவுக்குத் தனிப்பணி, மற்றொரு பிரிவுக்கு உங்கள் நேரடிக் கற்பித்தல். இருபது நிமிடத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். கடைசிப் பத்து நிமிடம் மீண்டும் பொதுவாக. இணைப்பு வகுப்பு குலைவது பெரும்பாலும் தனிப்பணியில்தான். முந்தைய நாள் நன்றாகக் கற்றதையே தனிப்பணியாகக் கொடுக்க வேண்டும். புதியதைக் கொடுத்தால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை “டீச்சர், டீச்சர்” என்று குரல் வரும், நீங்கள் கற்பித்துக்கொண்டிருக்கும் பாடம் அறுந்துபோகும். முடித்தவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதையும் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைத்துவிடுங்கள்.

மேற்படிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். விருப்பம் இருந்தால் சேருங்கள். ஆனால், ஆய்வுத் தலைப்பு உங்கள் வகுப்பறையிலிருந்தே எழட்டும். தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் இங்கிருந்து வார இறுதியில் போய்வரக்கூடிய தொலைவுதான். குழந்தை, குடும்பம் என்ற பொறுப்புகள் இருந்தால் இரண்டாண்டு தள்ளிப்போடுவதில் குற்றமில்லை.

வகுப்பைப் பார்க்க ஒருவரை அழைப்பது சிறிய பள்ளியில் எளிதன்று என்பதை அறிவேன். எல்லாருக்கும் அதே நேரத்தில் வகுப்பு இருக்கும். ஆள் கிடைக்காத வாரங்களில் கைப்பேசியை மேசை இழுப்பறையின் மேல் கவிழ்த்து வைத்து, பத்து நிமிடம் ஒலியை மட்டும் பதிவு செய்யுங்கள். பிள்ளைகளின் முகம் பதிவாக வேண்டாம். தலைமையாசிரியரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வீட்டுக்குப் போய்க் காதில் மாட்டிக் கேட்கும்போது மூன்று எண்களை மட்டும் குறியுங்கள்: நீங்கள் பேசிய நிமிடங்கள், கேள்வி கேட்டபின் காத்திருந்த வினாடிகள், பதில் சொன்ன வெவ்வேறு குரல்கள். குறித்தபின் பதிவை அழித்துவிடுங்கள். நான்கு வாரம் கழித்து அந்தக் குறிப்பேட்டோடும் நான்கு பயிற்சிப் புத்தகங்களோடும் வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.